ரைனுக்கு அக்கரையில் ஓர் அரசு: வேலைக்குச் செல்லவிருக்கும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

திருமணமாகி யாழ்ப்பாணத்திலிருந்து சென்ற குளிர்காலத்தில் சுவிசிலுள்ள பூக்ஸ் நகருக்கு வந்ததாகவும், வரும் மாதம் முதல் ரைன் ஆற்றைக் கடந்து லீக்டன்ஸ்டைனில் ஒரு முதியோர் இல்லச் சமையலறையில் வேலைக்குச் செல்லவிருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். அது சுவிசின் ஒரு மாநிலம்தானா, அங்குள்ள இளவரசர் பெயருக்கு மட்டும்தானா, குடியுரிமை கிடைக்குமா, வீட்டு வாடகையும் மொழி வகுப்பும் எப்படி என்றெல்லாம் கேட்டிருந்தீர்கள். வாடகையையும் வகுப்பையும் பற்றிச் சொல்ல உங்கள் கணவரின் உறவினர்களே போதும். முதல் இரண்டு கேள்விகளுக்கு மட்டும் நான் விரிவாகப் பதில் எழுதுகிறேன், ஏனெனில் அவற்றை எனக்கு யாரும் சொல்லித் தராததால் வந்த புதிதில் நான் பட்ட வெட்கம் இன்னும் நினைவிலிருக்கிறது.

நான் 1989இல் சுவிசுக்கு அகதியாக வந்து, வதிவிட அனுமதி கிடைத்த பின்னர் 1994இல் லீக்டன்ஸ்டைனின் தலைநகரான வாடூசில் ஒரு விடுதியின் சமையலறையில் பாத்திரம் கழுவும் வேலையில் சேர்ந்தேன். அந்த ஆண்டு ஆகஸ்ட் 14ஆம் நாள் மாலை, மறுநாள் தேசிய தினம் என்று சொல்லி, முதலாளி என்னிடம் ஒரு கொடியைத் தந்து மேல்மாடத்தில் கட்டச் சொன்னார். கம்பத்தில் பறக்க வேண்டிய அந்தக் கொடியை நான் நெடுக்காகத் தொங்கவிட்டேன். அதனால் அதிலிருந்த பொன்நிற மணிமுடி பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. முதலாளியின் தந்தையார், எழுபதை நெருங்கியவர், தெருவில் நின்று அதைப் பார்த்துவிட்டு, ஒரு சொல்லும் பேசாமல் மாடிக்கு ஏறிவந்து, தம் கையாலேயே அதை அவிழ்த்தார். நெடுக்காகத் தொங்கவிடுவதற்கென்று முடியை நிமிர்த்தித் தைத்த வேறொரு கொடி உண்டு என்பதை எனக்குக் காட்டியபின், அந்த முடி ஏன் அங்கே வந்தது என்பதை எனக்கு விளங்கும் எளிய ஜெர்மன் மொழியில் அரைமணி நேரம் சொன்னார்.

மேலே நீலமும் கீழே சிவப்பும் 1921ஆம் ஆண்டு அரசமைப்பிலேயே நாட்டின் நிறங்களாக எழுதப்பட்டவை. நீலம் வானத்தையும், சிவப்பு மாலையில் வீட்டு அடுப்புகளில் எரியும் தீயையும் குறிப்பதாக அந்நாட்டவர் சொல்வார்கள். 1936இல் பெர்லின் ஒலிம்பிக் போட்டிக்குச் சென்றபோதுதான், தங்கள் கொடியும் ஹெயிட்டி நாட்டின் கொடியும் ஒன்றுபோலவே இருப்பது தெரியவந்தது. மறு ஆண்டு, 1937இல், நீலப் பட்டையில் கம்பத்தை ஒட்டிய பக்கத்தில் சிற்றரசரின் முடியைச் சேர்த்தார்கள். அது மக்களும் அரச குடும்பமும் ஒன்றுபட்டிருப்பதன் அடையாளம். அந்தப் பெரியவருக்கு அப்போது வயது பன்னிரண்டு. முடியில்லாத பழைய கொடியைத் தம் வீட்டிலிருந்து இறக்கியது அவருக்கு நினைவிருந்தது. ஒரு துணிக்கு இவ்வளவா என்று நான் அன்று நினைக்கவில்லை, ஏனெனில் கொடிக்காக மனிதர்கள் எதையெல்லாம் இழப்பார்கள் என்பதை ஊரிலேயே பார்த்துவிட்டு வந்தவன் நான்.

ஆகவே தங்கை, அதைச் சுவிசின் ஒரு மாநிலம் என்று வேலைத்தலத்தில் ஒருபோதும் சொல்லாதீர்கள். பாலத்தில் சோதனைச் சாவடி இல்லை என்பதும், சம்பளம் சுவிஸ் பிராங்கிலேயே வரும் என்பதும் நம்மவர் பலரை ஏமாற்றிவிடுகின்றன. அவையெல்லாம் 1923இல் இரு நாடுகளும் செய்துகொண்ட சுங்க ஒப்பந்தத்தின் வழியே வந்த ஏற்பாடுகள். லீக்டன்ஸ்டைன் குடும்பம் 1699இல் ஷெல்லன்பெர்க்கையும் 1712இல் வாடூசையும் விலைக்கு வாங்கியது. 1719இல் புனித உரோமைப் பேரரசர் ஆறாம் கார்ல் அவ்விரண்டையும் இணைத்து ஒரு சிற்றரசாக உயர்த்தினார். 160 சதுரக் கிலோமீற்றர் பரப்பும், பதினொரு ஊராட்சிகளும், ஏறத்தாழ 40,000 மக்களும் கொண்ட அந்த நாடு 1868இல் தன் படையைக் கலைத்துவிட்டு அன்று முதல் படையில்லாமலே இருக்கிறது. 1990 முதல் ஐக்கிய நாடுகள் அவையில் உறுப்பினர். 1995இல், சுவிஸ் மக்கள் வேண்டாமென்று வாக்களித்திருந்த ஐரோப்பியப் பொருளாதாரப் பரப்பில் அது தனியாகவே சேர்ந்துகொண்டது.

இனி, இளவரசர் பற்றி. ஜெர்மன் மொழியில் ஆட்சி செய்பவரை 'ஃபூர்ஸ்ட்' என்றும் அவருடைய மகனைப் 'பிரின்ஸ்' என்றும் வேறுபடுத்திச் சொல்வார்கள். நாம் இருவரையும் இளவரசர் என்றே எழுதிவிடுவதால்தான், இன்னும் பட்டத்துக்கு வராத ஒருவர், அதிகாரமில்லாத ஒருவர் என்ற எண்ணம் வருகிறது. சிற்றரசர் என்ற நம் பழைய சொல்லே இங்கு பொருந்தும். இரண்டாம் ஹான்ஸ் ஆதம் 1989 முதல் சிற்றரசராக இருக்கிறார். 2004 ஆகஸ்ட் 15 முதல் அவருடைய மூத்த மகன் அலாய்ஸ் அவருக்குப் பதிலாக அன்றாட ஆட்சிக் கடமைகளைச் செய்துவருகிறார். நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்துக்கு ஆறு மாதத்துக்குள் அவருடைய ஒப்பம் கிடைக்காவிட்டால் அது மறுக்கப்பட்டதாகவே கொள்ளப்படும். மக்கள் வாக்கெடுப்பில் வென்ற சட்டமும் அந்த ஒப்பமில்லாமல் நடைமுறைக்கு வராது. 2011இல் கருக்கலைப்பைத் தண்டனையிலிருந்து விலக்கும் முன்மொழிவு வாக்கெடுப்புக்கு வரவிருந்தபோது, அது வென்றாலும் தாம் ஒப்பமிடப் போவதில்லை என்று அலாய்ஸ் தேசிய தின உரையிலேயே சொன்னார். அடுத்த மாதம் அது சிறு வித்தியாசத்தில் தோற்றது. என்னுடன் வேலை செய்த பெண்கள் சிலர் அந்த உரையைக் கேட்டுக் கண்கலங்கியதை நான் பார்த்தேன்.

மறுபக்கத்தில் மக்களின் கையில் இருப்பதும் குறைவானதல்ல. நாடாளுமன்றத்தில் 25 உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அவர்களில் 15 பேர் மேல்நாடு எனப்படும் தென்பகுதியிலிருந்தும் 10 பேர் கீழ்நாடு எனப்படும் வடபகுதியிலிருந்தும் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். அவர்கள் முன்மொழியும் ஐவரைச் சிற்றரசர் அரசாங்கமாக நியமிக்கிறார். அந்த ஐவரிலும் ஒவ்வொரு பகுதிக்கும் குறைந்தது இருவர் இருக்க வேண்டும். 2025இல் பிரிகித்தே ஹாஸ் பிரதமராகப் பொறுப்பேற்றார். அந்நாட்டில் ஒரு பெண் பிரதமரானது அதுவே முதன்முறை. பெண்களுக்கு நாட்டுத் தேர்தலில் வாக்குரிமை கிடைத்ததே 1984இல்தான், அதற்கு முன் 1971இலும் 1973இலும் ஆண்கள் அதை மறுத்திருந்தார்கள் என்பதை அறிந்தவர்களுக்குத்தான் அந்தச் செய்தியின் பெறுமதி புரியும். ஆயிரம் குடிமக்கள் கையெழுத்திட்டால் ஒரு சட்டத்தையும், 1,500 பேர் கையெழுத்திட்டால் அரசமைப்பு மாற்றத்தையும் வாக்கெடுப்புக்குக் கொண்டுவரலாம். அதே 1,500 கையெழுத்துகளால் சிற்றரசர்மீது நம்பிக்கையில்லை என்ற தீர்மானத்தையோ, முடியாட்சியையே ஒழிக்கும் முன்மொழிவையோகூட எழுப்பலாம். ஓர் ஊராட்சி நாட்டிலிருந்து பிரிந்து செல்லும் உரிமையும் அரசமைப்பில் எழுதப்பட்டிருக்கிறது. இந்தக் கடைசி விதியைப் படித்த நாள் நான் வெகுநேரம் அந்தப் பக்கத்தை மூடவில்லை. ஏன் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்த அரசமைப்பு ஏற்பாடு 2003 மார்ச்சில் மக்கள் வாக்கெடுப்பில் 64 சதவீதத்துக்கும் சற்று மேலான வாக்குகளால் ஏற்கப்பட்டது. அப்போது விடுதியின் சமையலறை இரண்டாகப் பிரிந்து நின்றது, ஒரே மேசையில் சாப்பிட்டவர்கள் சில வாரங்கள் பேசாமலிருந்தார்கள். 2012இல், வாக்கெடுப்பில் வென்ற சட்டத்தை மறுக்கும் அதிகாரத்தை நீக்க வேண்டும் என்று கேட்டபோது, 76 சதவீதத்தினர் அது இருக்கட்டும் என்றே வாக்களித்தார்கள். வெளியிலிருந்து பார்த்து இவர்களை அடிமை மனம் கொண்டவர்கள் என்று பேசும் நம்மவர் சிலரோடு எனக்கு உடன்பாடில்லை. சூரிச்சிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வந்து, மலைமேலுள்ள கோட்டையைப் பின்னால் வைத்துப் படமெடுத்துவிட்டு, கடவுச்சீட்டில் நினைவு முத்திரையும் குத்திக்கொண்டு, பொம்மை நாடு என்று சொல்லிச் செல்பவர்களும் உண்டு. ஆற்றுக்கு இக்கரையில் முப்பது ஆண்டுகள் வாழ்ந்து, கோயிலையும் கடையையும் தவிர வேறொன்றையும் அறியாமல் பிள்ளைகளுக்கும் சொல்லாமல் இருப்பவர்களைக் கண்டால் எனக்கு மனவருத்தம் உண்டாகிறது. எனக்கு அங்கே வாக்கில்லை. இருந்தும் ஒவ்வொரு வாக்கெடுப்புக்கும் வரும் விளக்கக் கையேட்டை உடன் வேலை செய்பவரிடம் வாங்கி, அகராதியோடு முழுவதும் படித்தேன். என் ஜெர்மன் மொழி வகுப்பில் வளர்ந்ததைவிட அந்தக் கையேடுகளில்தான் வளர்ந்தது.

தேசிய கீதத்தை முதன்முறை கேட்கும்போது நீங்கள் திகைக்கக்கூடும். 'இளம் ரைன் நதியின் மேலே' என்று தொடங்கும் அந்தப் பாடலின் மெட்டு பிரித்தானிய அரச வாழ்த்தின் மெட்டேதான். 1963 வரை அதில் 'ஜெர்மானிய ரைன்' என்று இருந்ததை மாற்றித்தான் இளம் ரைன் என்று வைத்தார்கள். 2003இல் இங்கிலாந்துக் காற்பந்து அணி வாடூசுக்கு வந்தபோது ஒரே மெட்டை இருமுறை இசைத்தார்கள். நான் அதை ஒலிநாடாவில் பதிவு செய்து ஊருக்கு அனுப்பியிருந்தேன். சிறுவயதில் பள்ளிக்கூடத்தில் ஜோர்ஜ் மன்னருக்கு அதே மெட்டில் வாழ்த்துப் பாடிய என் ஐயா, சுவிசிலுமா வெள்ளைக்கார இராசா என்று தொலைபேசியில் கேட்டார். அது சுவிஸ் இல்லை ஐயா, வேறு நாடு, வேறு அரசர் என்று அவருக்கு விளக்கியபோதுதான், விடுதிப் பெரியவர் எனக்குச் சொன்ன அதே சொற்களை நானும் சொல்லிக்கொண்டிருப்பதை உணர்ந்தேன்.

இன்னுமொன்றில் கவனமாக இருங்கள். சிலேசியா, யேகர்ன்டார்ஃப் என்ற பழைய ஐரோப்பிய நிலப்பகுதிகளின் சின்னங்களான கருங்கழுகும் பொற்கொம்பும் கொண்ட பெரிய அரச சின்னத்தைப் படம் அழகாக இருக்கிறதே என்று எடுத்துப் பயன்படுத்தாதீர்கள். நாங்கள் ஒரு கலைவிழா அழைப்பிதழில், மண்டபம் தந்த நாட்டுக்கு மரியாதையாக என்று எண்ணி, அதை அச்சிட்டோம். அனுமதியின்றி அதைப் பயன்படுத்தக் கூடாது என்று கடிதம் வந்தது, 300 அழைப்பிதழ்களையும் மீண்டும் அச்சிட நேர்ந்தது. கொடியை ஏற்றலாம், நிறங்களைப் பயன்படுத்தலாம். சின்னம் அரசுக்கும் அரச குடும்பத்துக்கும் உரியது.

குடியுரிமை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அங்கேயே முப்பது ஆண்டுகள் வசித்திருக்க வேண்டும், அல்லது பத்து ஆண்டுகளுக்குப் பின் ஊராட்சியின் குடிமக்கள் வாக்களித்து ஏற்க வேண்டும், பழைய குடியுரிமையையும் கைவிட வேண்டும். பூக்சில் வாழும் நாட்கள் அந்தக் கணக்கில் சேரா. எனவே சுவிஸ் குடியுரிமைக்கே முயலுங்கள், நானும் அதைத்தான் பெற்றேன்.

ஆகஸ்ட் 15 மாதாவின் விண்ணேற்புத் திருநாள். முன்னைய சிற்றரசர் இரண்டாம் பிரான்ஸ் யோசேஃபின் பிறந்தநாள் ஆகஸ்ட் 16 என்பதால், இரண்டையும் சேர்த்து அதைத் தேசிய தினமாக்கினார்கள். அன்று உங்களுக்கு வேலை இல்லாவிட்டால், காலையில் கணவரையும் அழைத்துக்கொண்டு கோட்டையருகே உள்ள புல்வெளிக்கு ஏறிச் செல்லுங்கள். வெளிநாட்டவர் என்று யாரும் தடுக்கமாட்டார்கள். வேலை இருந்து, முதலாளி கொடி கட்டச் சொன்னால், அது கம்பத்துக்குரியதா தொங்கவிடுவதற்குரியதா என்று முதலில் விரித்துப் பாருங்கள். முடி நிமிர்ந்து நிற்க வேண்டும்.