மூங்கில் துணி: வாங்கும் முன்னும் துவைக்கும் முன்னும்

வாசகர் கேள்வி பதில்

கேள்வி: "100% மூங்கில்" என்று அச்சிட்ட படுக்கை விரிப்புக்குப் பருத்தி விரிப்பைப்போல் இரு மடங்கு விலை சொல்கிறார்கள். பூச்சிமருந்து இல்லாமல் வளர்வது, சுற்றுச்சூழலுக்கு நல்லது என்கிறார் விற்பனையாளர். நம்பி வாங்கலாமா?
– வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: செடியைப் பற்றி அவர் சொன்னது பெரும்பாலும் சரி. சீனாவில் வளரும் மோசோ மூங்கிலை வெட்டினால் வேர்க்கிழங்கிலிருந்து தானே முளைக்கும். மறுபடி நட வேண்டியதில்லை. ஆனால் மூங்கில் கழிக்கும் உங்கள் கட்டிலுக்கும் நடுவே ஓர் இரசாயன ஆலை இருக்கிறது. விரிப்பு பசுமையானதா என்பது அங்கேதான் முடிவாகிறது.

சந்தையில் கிடைக்கும் மூங்கில் துணியில் பெரும்பகுதி விஸ்கோஸ், அதாவது ரேயான். மூங்கிலைக் கூழாக்கி, காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து, கார்பன் டைசல்பைடு சேர்த்துக் கெட்டிக் கரைசலாக்கி, கந்தக அமிலத் தொட்டிக்குள் நுண்துளைகள் வழியே பீய்ச்சினால் இழை வரும். கார்பன் டைசல்பைடு எளிதில் ஆவியாகும். அதை ஆண்டுக்கணக்கில் சுவாசிக்கும் தொழிலாளர்களின் நரம்பும் இதயமும் கெடும். துணி நம் கைக்கு வரும்போது அது ஏறக்குறைய நீங்கியிருக்கும். பாதிப்பு ஆலையோடும் அதைச் சுற்றியுள்ள ஊரோடும் நின்றுவிடுகிறது. அதனால்தான் நம் கண்ணில் படுவதில்லை.

இத்தகைய ரேயானை வெறும் "மூங்கில்" என்று விற்பது ஏமாற்று என்று அமெரிக்கக் கூட்டரசு வர்த்தக ஆணையம் 2009 முதல் நடவடிக்கை எடுத்து வருகிறது. 2022இல் இரண்டு பெரிய கடைக் குழுமங்கள் மொத்தம் 5.5 மில்லியன் அமெரிக்க டாலர் கட்ட நேர்ந்தது.

கூடுதல் விலை கொடுக்கத் தக்கது "லையோசெல்" என்று குறிக்கப்பட்ட துணி. அதுவும் கூழிலிருந்து எடுக்கும் இழைதான், ஆனால் அதில் கார்பன் டைசல்பைடு இல்லை. கூழைக் கரைக்கும் திரவத்தில் 99 விழுக்காட்டுக்கு மேல் மீட்டு, திரும்பவும் பயன்படுத்துகிறார்கள். அது மூங்கிலாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. யூகலிப்டஸ் மரத்தின் லையோசெல்லும் அதே தரம். "ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100" முத்திரை, கைக்கு வந்த துணியில் தீங்கான எச்சம் இல்லை என்பதற்கு மட்டுமே சான்று. ஆலை எப்படி நடந்தது என்று அது சொல்லாது.

மலிவான "மூங்கில்" விரிப்புகளில் பாலியஸ்டர் கலந்திருப்பதும் உண்டு. தையல் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, இடுக்கியால் பிடித்து, சிங்க்கின் மேல் வைத்துக் கொளுத்துங்கள். காகிதம் எரியும் வாசனையும் தூளாகும் சாம்பலும் வந்தால் விஸ்கோஸ், லையோசெல், பருத்தி இவற்றில் ஒன்று. உருகிக் கெட்டியான மணியாகத் திரண்டால் பாலியஸ்டர்.

கேள்வி: எங்கள் சிங்கப்பூர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் சன்னலுக்கு வெளியே கழியில்தான் துணி உலர்த்துகிறோம். மூங்கில் விரிப்பு சில மாதங்களிலேயே தொய்ந்துவிட்டது. மேலே சிறு சிறு உருண்டைகள். மூலையில் எலாஸ்டிக் அருகே கிழிசல். மட்டமான சரக்கா?
– வாசகர், ஈசூன்

பதில்: சரக்கை மட்டும் குறை சொல்ல முடியாது. பருத்தி நனைந்தால் வலுக்கூடும். விஸ்கோஸ் நனைந்தால் ஏறத்தாழப் பாதி வலுவை இழக்கும். அந்த நிலையில் நீரைக் குடித்துக் கனத்த விரிப்பை ஒற்றைக் கழியில் தொங்கவிட்டால், தன் எடையே அதை இழுத்துவிடும். காற்றும் அடித்தால் கேட்கவே வேண்டாம்.

இனி இப்படிச் செய்யுங்கள். விரிப்பைத் தனியாக, இயந்திரத்தில் பாதி அளவுக்கு மட்டும் போட்டு, 30 டிகிரியில் துவையுங்கள். ஜீன்ஸ், ஜிப் வைத்த துணி, துண்டு எதுவும் கூடாது. உருண்டைகள் அந்த உராய்வில் வருபவை. தலையணை உறைகளை வலைப்பையில் போடுங்கள். திரவச் சோப்பு வழக்கத்தில் பாதி போதும். சுழற்சி நிமிடத்துக்கு 800 சுற்றுக்கு மேல் வேண்டாம். துணி மென்மையாக்கி சேர்த்தால் இழையின் மேல் படலம் படிந்து வியர்வையை உறிஞ்சாது. குளோரின் பிளீச் இழையையே அரிக்கும். உலர்த்தும்போது மடக்கு ரேக்கில் இரண்டு மூன்று கம்பிகளின் மேல் பரப்பினால் எடை பகிர்ந்துவிடும். டிசம்பர், ஜனவரி மழைக்காலத்தில் மின்விசிறியை ரேக்கின் பக்கம் திருப்பி வையுங்கள். ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை பிடிக்கும்.

மூலைக் கிழிசலுக்குக் காரணம் பெரும்பாலும் அளவு. குவீன் மெத்தை சிங்கப்பூரில் 152 x 190 செ.மீ. என்பது எல்லாருக்கும் தெரியும், உயரத்தைத்தான் அளக்க மறந்துவிடுகிறோம். மேல்மெத்தையும் சேர்த்து அளந்து, அதைவிட 5 செ.மீ. கூடுதல் ஆழமுள்ள விரிப்பாக வாங்குங்கள். துவைத்தால் கொஞ்சம் சுருங்கும்.

கேள்வி: மகளுக்குத் தூசி ஒவ்வாமை. மூங்கில் துணியில் கிருமியும் தூசிப் பூச்சியும் அண்டாது என்கிறார்களே?
– வாசகி, தெம்பனிஸ்

பதில்: அதை நம்பிச் செலவழிக்க வேண்டாம். செடியில் இருக்கும் எதிர்ப்புத்தன்மை அத்தனை இரசாயனத்தையும் தாண்டி இழைக்கு வந்து சேர்வதில்லை. தூசிப் பூச்சி சாக 55 முதல் 60 டிகிரி வெந்நீர் வேண்டும். விஸ்கோஸை வாராவாரம் அந்தச் சூட்டில் துவைத்தால் சீக்கிரம் நைந்துபோகும். உங்கள் மகளுக்கு நெருக்கமாக நெய்த பருத்தி விரிப்பே பொருத்தம்: வாரம் ஒருமுறை 60 டிகிரியில் துவைக்கலாம். மெத்தைக்கும் தலையணைக்கும் ஜிப் வைத்த தூசிப்பூச்சித் தடுப்பு உறை முதலில் வாங்குங்கள். மருத்துவர் கொடுத்த மருந்தை நிறுத்த வேண்டாம்.

கேள்வி: மூங்கில் துணி மக்கிவிடும் என்பதால் பழையதைக் குப்பையில் போட்டால் தவறில்லையே?
– வாசகர், தோ பாயோ

பதில்: சிங்கப்பூரில் வீட்டுக் குப்பை எரிக்கப்படுகிறது, சாம்பல் செமாக்காவ் தீவிலுள்ள குப்பை நிரப்பிடத்துக்குப் போகிறது. மக்கும் தன்மையால் இங்கே பயன் இல்லை. எலாஸ்டிக்கை வெட்டியெடுத்துவிட்டு, துடைக்கும் துணியாக நறுக்கி வைத்துக்கொள்ளுங்கள். நீரை நன்றாக உறிஞ்சும்.

கேள்வி: தலையணை உறையில் தேங்காய் எண்ணெய்க் கறை, சிக்கு வாடை.
– வாசகி, ஜூரோங் வெஸ்ட்

பதில்: கறை மேல் பாத்திரம் கழுவும் திரவத்தில் சில சொட்டு விட்டு, விரலால் மெதுவாகத் தடவி, 15 நிமிடம் கழித்துத் துவையுங்கள். கறை முழுதும் போகும்வரை இஸ்திரி போடக்கூடாது; சூட்டில் அது இழையோடு ஒட்டிவிடும். எண்ணெய் தேய்த்துக்கொள்ளும் இரவுகளில் தலையணை மேல் ஒரு பருத்தித் துண்டைப் போட்டுக்கொள்ளுங்கள். அதை வெந்நீரில் துவைத்தாலும் ஒன்றும் ஆகாது.