சைக்கிள் எதற்கு? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

இங்கிலாந்துக் கால்பந்து வீரர் ஜெஃப் தாமஸ், ரத்தப் புற்றுநோயிலிருந்து மீண்டதும் டூர் டி பிரான்ஸ் பந்தயப் பாதை முழுவதையும் சைக்கிளில் கடந்து நிதி திரட்டினார் என்று படித்தேன். மன உறுதிதான் அவரைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனாலும் ஒரு சந்தேகம். விடுதி, சாப்பாடு, உடன் வரும் வண்டி என்று ஆகும் செலவை நேராக மருத்துவமனைக்கே கொடுத்துவிடலாமே? பிற்பாடு அமெரிக்க சைக்கிள் பந்தய வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கையும் அழைத்துக்கொண்டு போனாராம். ஊக்கமருந்து போட்டு உலகத்தை ஏமாற்றியவருக்கு அங்கே என்ன வேலை? எங்கள் அலுவலகத்திலும் நோயிலிருந்து மீண்ட ஒருவர் இப்படி ஒரு பயணத்துக்கு நிதி கேட்கிறார். கொடுக்கலாமா?

எஸ்., கரூர்

அன்புள்ள எஸ்.,

மன உறுதியைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிடுவோம். தாமஸுக்கு நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய் இருப்பது 2003இல் தெரியவந்தது. அவரைப் பிழைக்கவைத்தவை அவருடைய சகோதரி கே கொடுத்த ஸ்டெம் செல்கள், அதாவது புது ரத்தத்தை உருவாக்கும் மூலச் செல்கள். உடன்பிறந்த ஒருவருடைய திசு முழுமையாகப் பொருந்த நாலில் ஒரு பங்கு வாய்ப்புதான் உண்டு. இப்போது பெரும்பாலும், கொடுப்பவருக்குச் சில நாள் ஊசி போட்டு, ஒரு கையிலிருந்து ரத்தத்தை எடுத்து, எந்திரத்தில் அந்தச் செல்களை மட்டும் பிரித்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பி உடம்புக்கே அனுப்பிவிடுகிறார்கள். நோயாளிக்கு அது ரத்தம் ஏற்றுவதுபோலச் சொட்டுச் சொட்டாக இறங்கும். ஆபத்தெல்லாம் அதற்கு முன்னும் பின்னும்தான். முன்னால், நோயாளியின் சொந்த எலும்பு மஜ்ஜையைக் கொல்லும் கடும் மருந்து. பின்னால், நோய் எதிர்ப்பு அறவே இல்லாத வாரங்கள். இதில் உறுதி காட்டுவதற்கு நோயாளிக்கு அதிக இடமில்லை. படுத்துக் கிடக்க வேண்டும்.

மன உறுதி போதுமென்றால் இங்கிலாந்தின் ஜேன் டாம்லின்சன் இன்றைக்கு இருந்திருக்க வேண்டும். அவருடைய மார்பகப் புற்றுநோய் இனிக் குணமாகாது என்று 2000இல் சொல்லிவிட்டார்கள். அதன் பிறகுதான் அவர் மாரத்தான் ஓடினார். 2006இல் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து நியூயார்க் வரை சைக்கிள் மிதித்தார். அடுத்த ஆண்டு செப்டம்பரில் இறந்துபோனார். அவருக்கு உறுதி குறைவு என்று யாராவது சொல்வார்களா? 'நோயை வென்றவர்' என்று எழுதும்போதெல்லாம் இறந்தவர்களை மறைமுகமாகத் திட்டுகிறோம் என்று எனக்குப் படும்.

தாமஸ் 1990 எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் கிறிஸ்டல் பேலஸ் அணியின் தலைவர். 1992இல் பிரான்சுக்கு எதிரான ஆட்டத்தில் பந்தைக் கோலுக்கு வெகுதூரம் தள்ளி அனுப்பி, இன்றுவரை கேலிக்கு ஆளாகிறவரும் அவர்தான். பிரான்சோடு அவருக்கு அப்படி ஒரு பாக்கி. 2005இல் போய் ஏறத்தாழ 3,500 கிலோமீட்டரை 21 கட்டங்களாக மிதித்தார். அந்த ஆண்டுப் பாதையில் ஆல்ப்ஸ் மலையின் காலிபியே கணவாயும் உண்டு. ஏறக்குறைய நம் தொட்டபெட்டா உச்சியின் உயரம். பந்தயக்காரர்களுக்குச் சாலையை அடைத்துக் கொடுப்பார்கள். நிதிக்காக மிதிக்கிறவர் லாரிகளுக்கு ஒதுங்கித்தான் ஏற வேண்டும்.

பணத்தைச் சும்மா கேட்டால் என்ன என்கிறீர்கள். பழனிக்கு நேர்ந்துகொண்டவர் வசதியிருந்தும் வீடு வீடாக மடிப்பிச்சை எடுக்கிறார். பஸ்ஸில் போய்வரலாமே என்று நாம் கேட்பதில்லை. உடம்பை வருத்திக்கொள்ளப் போகிறவர் என்பதால் கை தானாக அரிசிப் பானைக்குப் போகிறது. சைக்கிளும் அந்த வேலையைத்தான் செய்கிறது. கேட்பவருக்கும் கூச்சம் விட்டுப்போகிறது.

ஆனால் செலவு பற்றிய உங்கள் கேள்வி சரியானது. பலர் அதைக் கேட்பதே இல்லை. அமெரிக்காவில் பான் மாஸ் சேலஞ்ச் என்று ஒரு பயணம் நடக்கிறது. தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த பில்லி ஸ்டார் 1980இல் 36 பேரோடு தொடங்கியது. இதுவரை அது திரட்டிய தொகை நூறு கோடி டாலரைத் தாண்டிவிட்டது. அங்கே பயணச் செலவை நுழைவுக் கட்டணமும் விளம்பரதாரர்களும் ஏற்கிறார்கள். மிதிப்பவர் திரட்டும் பணம் முழுவதும் பாஸ்டனில் உள்ள டானா ஃபார்பர் புற்றுநோய் நிலையத்துக்குப் போகிறது. தாமஸ் நிதி திரட்டும் கியூர் லுக்கேமியா அமைப்பு ஆராய்ச்சி செவிலியர்களுக்குச் சம்பளம் கொடுக்கிறது. புதிய மருந்து கையில் இருந்தும், குறித்த மணிக்கு ரத்தம் எடுக்கவும் பக்கவிளைவுகளைக் குறித்துவைக்கவும் ஆளில்லாவிட்டால் ஒரு மருத்துவமனையில் அதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கும் சோதனையைத் தொடங்க முடியாது. சகோதரி பொருந்தாதவர்களுக்கு இருக்கும் வழிகளில் ஒன்று அந்தச் சோதனைதான்.

ஆம்ஸ்ட்ராங் விஷயம். 2015இல் பந்தயக்காரர்கள் வருவதற்கு ஒரு நாள் முன்னால், அதே பாதையில் தாமஸ் குழுவோடு அவர் இரண்டு கட்டம் மிதித்தார். என்னைக் கேட்டால் கூப்பிட்டிருக்கக் கூடாது. பத்திரிகைகள் ரத்தப் புற்றுநோயை விட்டுவிட்டு ஆம்ஸ்ட்ராங்கையே எழுதின. ஆனால் நோயில் கிடந்த நாட்களில் தாமஸ் பற்றிக்கொண்டது, தன் புற்றுநோயைப் பற்றி ஆம்ஸ்ட்ராங் எழுதிய புத்தகத்தை. அந்த நன்றியை நான் குறை சொல்ல மாட்டேன். ஆம்ஸ்ட்ராங்கின் ஏழு டூர் டி பிரான்ஸ் பட்டங்களையும் பறித்துவிட்டார்கள். நுரையீரலுக்கும் மூளைக்கும் பரவியிருந்த புற்றுநோயிலிருந்து அவர் மீண்டது மட்டும் உண்மை.

அலுவலக நண்பருக்குத் தாராளமாகக் கொடுங்கள். கொடுக்குமுன் இரண்டு விவரம் கேட்டுக்கொள்ளுங்கள்: வழிச்செலவு யாருடையது, பணம் எந்தக் கணக்குக்குப் போகிறது. தன் சொந்தக் கணக்கு எண்ணைக் கொடுத்தால், மருத்துவமனையின் பெயருக்கே காசோலை எழுதி அவர் கையில் கொடுத்துவிடுங்கள். அவருடைய மருத்துவர் இந்தப் பயணத்துக்குச் சம்மதித்திருக்கிறாரா என்றும் ஒரு வார்த்தை விசாரியுங்கள்.