காப்பி வருகிறது, பிரிண்ட் மட்டும் வரவில்லை: போர்டு மாற்ற வேண்டுமா?

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் நான்கு வருடமாக ஒரு பெரிய காப்பியர் இருக்கிறது. போன வாரம் இன்டர்நெட் இணைப்பை மாற்றினோம், புது ரவுட்டர் வைத்தார்கள். அன்றிலிருந்து எந்தக் கம்ப்யூட்டரில் பிரிண்ட் கொடுத்தாலும் 'ஆஃப்லைன்' என்கிறது. ஸ்கேனும் ஃபோல்டருக்குப் போவதில்லை. கண்ணாடி மேல் தாளை வைத்துக் காப்பி எடுத்தால் பளிச்சென்று வருகிறது. சர்வீஸுக்கு வந்தவர், "நெட்வொர்க் போர்டு போய்விட்டது, அதை மாற்றுவதற்குப் புது மெஷினே வாங்கிவிடலாம்" என்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். போர்டுக்கும் இப்போதைக்குப் பணம் கொடுக்காதீர்கள். ரவுட்டர் மாறிய அன்றுதான் கோளாறு தொடங்கியது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மெஷின் இன்னும் பழைய ஐபி முகவரியிலேயே (நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவியையும் அடையாளம் காட்டும் எண்) இருக்கிறது என்பதுதான் என் சந்தேகம்.

மெஷினின் திரையிலேயே நெட்வொர்க் அமைப்புக்குள் போய்ப் பாருங்கள், அல்லது அமைப்பு விவரப் பக்கத்தை பிரிண்ட் எடுங்கள். அதற்குக் கம்ப்யூட்டர் தேவையில்லை. அதில் உள்ள ஐபி முகவரியைக் குறித்துக்கொண்டு, ஒரு கம்ப்யூட்டரின் முகவரியோடு ஒப்பிடுங்கள். கம்ப்யூட்டரில் 192.168.1.23 என்றும் மெஷினில் 192.168.0.50 என்றும் இருக்கிறதா? மூன்றாவது எண் வேறாக இருப்பதைக் கவனியுங்கள். வீட்டு எண் சரி, தெரு வேறு. சாதாரண அலுவலக இணைப்பில் இந்த இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாது.

மெஷினில் 169.254 என்று தொடங்கினால் கதை வேறு. ரவுட்டரிடம் முகவரி கேட்டுக் கிடைக்காமல், மெஷின் தானே ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது. கேபிளைப் பாருங்கள். செருகும் இடத்தில் சின்ன விளக்கு எரிகிறதா? எரியவில்லையென்றால், லேப்டாப்பில் நன்றாக வேலை செய்யும் ஒரு கேபிளைக் கழற்றி இங்கே செருகுங்கள். அப்போதும் விளக்கு எரியாவிட்டால்தான் போர்டைச் சந்தேகிக்க வேண்டும். பல மெஷின்களில் நெட்வொர்க் துளை தனி கார்டில் இல்லை, மெயின் போர்டிலேயே இருக்கிறது. அதனால் எந்தப் பாகத்தை மாற்றப் போகிறார் என்பதை பாக எண்ணோடு எழுதித் தரச் சொல்லுங்கள். கழற்றிய பழைய போர்டையும் கேட்டு வாங்குங்கள்.

தெருதான் வேறு என்றால், மெஷினில் முகவரி தானாகக் கிடைக்கும் முறையை (டிஹெச்சிபி) தேர்ந்தெடுத்து ஒருமுறை அணைத்துப் போடுங்கள். கிடைத்த எண்ணை ரவுட்டரில் அந்த மெஷினுக்கென்றே ஒதுக்கி வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் இன்னொரு நாள் எண் மாறி இதே தொல்லை திரும்ப வரும். அப்புறம் அந்த எண்ணைக் கம்ப்யூட்டரின் பிரவுசரில் தட்டிப் பாருங்கள். மெஷினின் அமைப்புப் பக்கம் திறந்தால் போர்டு உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். சர்வீஸ்காரரை இதன் முன்னால் நிறுத்திப் பேசுங்கள்.

இதற்குப் பிறகும் 'ஆஃப்லைன்' வரலாம், பதறாதீர்கள். கம்ப்யூட்டர் இன்னும் பழைய எண்ணுக்கே பிரிண்டை அனுப்பிக்கொண்டிருக்கும். பிரிண்டர் பண்புகளில் 'போர்ட்ஸ்' பக்கத்தில் புது எண்ணுக்கு ஒரு டிசிபி/ஐபி போர்ட் (பிரிண்ட் எந்த எண்ணுக்குப் போக வேண்டும் என்ற பதிவு) சேர்த்தால் போதும், டிரைவரை அழிக்க வேண்டியதில்லை. எங்கள் அலுவலகத்தில் இந்த ஒரு படியை விட்டுவிட்டு அரை நாள் டிரைவரை அழித்து அழித்து நிறுவிக்கொண்டிருந்தோம்.

ஸ்கேனைத் தனியாகச் சரிசெய்ய வேண்டும். மெஷினின் முகவரிப் புத்தகத்தில் கம்ப்யூட்டரின் பழைய ஐபி எண் பதிந்திருக்கும், அதை மாற்றுங்கள். ரவுட்டர் மாறியதும் விண்டோஸ் புது இணைப்பைப் 'பொது நெட்வொர்க்' என்று எடுத்துக்கொண்டு ஃபோல்டர் பகிர்வை அடைத்திருக்கவும் கூடும். அதைத் 'தனிப்பட்டது' ஆக்குங்கள்.

கேள்வி: பழைய காப்பியர் ஒன்று வாங்கப் போகிறோம். "நெட்வொர்க் உண்டு" என்கிறார் விற்பவர். அது போதுமா?

பதில்: போதாது. ஃபோல்டருக்கு ஸ்கேன் அனுப்ப எஸ்எம்பி (நெட்வொர்க் வழியாக ஃபோல்டரைப் பகிரும் முறை) 2 அல்லது 3 இருக்கிறதா என்று கேளுங்கள். பழைய மெஷின்கள் பலவற்றில் எஸ்எம்பி 1 மட்டும்தான் இருக்கும். 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வானாக்ரை வைரஸ் பரவியது அதிலிருந்த ஓட்டை வழியாகத்தான். அந்த ஆண்டின் இறுதியிலிருந்து, புதிதாக நிறுவும் விண்டோஸில் அதை இயல்பாகவே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மறுபடி இயக்கிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அலுவலகக் கம்ப்யூட்டர் முழுவதற்கும் கதவைத் திறந்துவிட்டது போல ஆகிவிடும். மெயிலுக்கு ஸ்கேன் அனுப்புவதென்றால் டிஎல்எஸ் 1.2 (மெயில் இணைப்பைப் பாதுகாக்கும் முறை) உண்டா என்றும் பாருங்கள். அட்மின் பாஸ்வேர்டை எழுதி வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள், அது இல்லாமல் மேலே சொன்ன ஒன்றையும் மாற்ற முடியாது. உங்கள் லேப்டாப்பை எடுத்துப்போய், அவர்கள் கண்முன்னேயே ஒரு தாளை அதன் ஃபோல்டருக்கு ஸ்கேன் செய்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.