முன்பே சொல்லிவிட்டால் நாடகம் எதற்கு?

கேள்வி: சோஃபக்ளிஸ் எழுதிய கிரேக்க நாடகம் 'ஈடிபஸ் மன்னன்' படித்தேன். கால்வாசி தாண்டுவதற்குள் குறிகாரர் டைரீசியஸ் வந்து, ஈடிபஸிடம் "நீ தேடும் கொலைகாரன் நீயேதான்" என்று போட்டு உடைத்துவிடுகிறார். குறிகாரரை விட்டு முடிவை முன்பே சொல்ல வைத்தது சோஃபக்ளிஸின் பலவீனம்தானே?

பதில்: இல்லவே இல்லை. ஏதென்ஸில் மலைச்சரிவில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு, தெரியாமலே தந்தையைக் கொன்று தாயை மணந்த ஈடிபஸின் கதை ஏற்கெனவே தெரியும். தெரியாதவர்கள் மேடையில் இருக்கிறார்கள். டைரீசியஸ் வாயைத் திறந்ததும், கண் தெரியாத அந்தக் கிழவருக்கும் கூட்டத்தில் இருப்பவனுக்கும் ஒரே தவிப்பு: விஷயம் தெரியும், தடுக்க வழியில்லை. நம்மில் ஒருவரை எழுப்பி மேடைக்கு அனுப்பியது மாதிரி. குறி சொல்லும் காட்சிகளில் கிரேக்க நாடகம் தன்னையே திரும்பிப் பார்க்கிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

ஈஸ்கிலஸின் 'அகமெம்னான்' (கி.மு. 458) இன்னும் கூர்மை. மன்னன் அகமெம்னான் ட்ராயிலிருந்து சிறைபிடித்து வந்த குறிகாரி கசாண்ட்ரா தேரில் அசையாமல் இருக்கிறாள். ராணி கூப்பிட்டும் பதில் இல்லை. பாஷை புரியவில்லை போலும் என்று நினைக்கிறார்கள். அப்புறம் பேச ஆரம்பிக்கிறாள் பாருங்கள்! குளியல் தொட்டி, வலைபோல விரியும் துணி, ஓங்கிய கை. அரண்மனைக்குள் இனிமேல் நடக்கப்போகும் மன்னனின் கொலை, நம் கண்ணெதிரே நடக்கிறது. கொலையை மேடையில் காட்டும் வழக்கம் அங்கே கிடையாது. அந்த மூடிய கதவுக்குள் என்ன நடக்கும் என்பதை அவள் கண்தான் நமக்குக் காட்டுகிறது. உள்ளே போகும் முன் குறிகாரியின் கோலையும் கழுத்து மாலையையும் கழற்றி எறிகிறாள். வேஷத்தை நம் முன்னாலேயே கலைத்துவிட்டுச் சாகப் போகிறாள். எத்தனை முறை படித்தாலும் எனக்கு நெஞ்சு அடைக்கிற இடம் அது.

சரி, சோஃபக்ளிஸுக்கு வருவோம். குறி சொல்வதையெல்லாம் நம்பாதே என்று மனைவி யொகாஸ்டா ஈடிபஸுக்குத் தைரியம் சொல்கிறாள். உடனே, மேடையில் ஆடிப் பாடும் பாடற்குழு பதறுகிறது: தெய்வத்தை மதிக்காத இப்படிப்பட்ட செயல்களுக்கெல்லாம் மதிப்பு என்றால் நான் ஏன் ஆட வேண்டும்? குறி பலிக்காவிட்டால் இனி குறி கேட்க அப்பல்லோவின் டெல்ஃபி கோயிலுக்கே போகமாட்டேன். இதைப் பாடியவர்கள் டயோனிசஸ் தெய்வத்தின் விழாவில், அவர் கோயிலை ஒட்டிய அரங்கில், ஆடிக்கொண்டே பாடினார்கள். குறி பொய்யானால் அந்த ஆட்டத்துக்கே அர்த்தமில்லை என்று ஆடுகிறவர்களே கேட்கிறார்கள். டைரீசியஸ் சொன்னது மெய்யாக வேண்டுமே என்ற தவிப்பும், ஐயோ மெய்யாகிவிடுமே என்ற பயமும் அங்கே ஒன்றாகச் சேர்கின்றன. டைரீசியஸோடு நிறுத்திவிட்டீர்களோ என்று தோன்றுகிறது. அந்தப் பாட்டு வரை இன்னொரு முறை படித்துவிட்டு எழுதுங்கள்.