நூலகர் மாநாட்டுக்கு முதல் முறை போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

பெரிய நூலகர் மாநாடுகளுக்குப் பல வருடங்களாகப் போய் வருகிறேன். முதல் முறை புறப்படும் நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நிகழ்ச்சி நிரலைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது. ஒரே நேரத்தில் பத்து அமர்வுகள். எதற்குப் போவது?

நிரலை மூடி வையுங்கள். உங்கள் நூலகத்தில் இப்போது உறுத்திக்கொண்டிருக்கும் ஒரே ஒரு பிரச்சினையை ஒரு தாளில் எழுதுங்கள். ‘கதை நேரத்துக்கு ஓடி வந்த பிள்ளைகள் பதின்மூன்று வயதானதும் காணாமல் போகிறார்கள், ஏன்?’ என்பது போல. அப்புறம் நிரலைத் திறந்தால் பாதி அமர்வுகள் தானாக உதிர்ந்துவிடும்.

ஒரு நாளைக்கு மூன்று அமர்வு போதும். என் முதல் மாநாட்டில் ஒரே நாளில் ஏழு அமர்வுகளில் உட்கார்ந்தேன். ஊர் திரும்பி நோட்டைப் பிரித்தால், எந்த வரியை யார் சொன்னார் என்றே புரியவில்லை. ஒவ்வொரு வேளைக்கும் இரண்டாவது தேர்வு ஒன்றும் குறித்து வையுங்கள். அறை நிரம்பிவிட்டால் கைகொடுக்கும்.

இஃப்லா மாநாட்டுக்குப் போகிறேன். ஆங்கிலம் சரளமாக வராது. சமாளிக்க முடியுமா?

தாராளமாக. 1927-ல் எடின்பரோவில் தொடங்கிய சர்வதேச நூலகக் கூட்டமைப்பு அது. ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ரஷ்யன், ஸ்பானிஷ், அரபு, சீனம் என ஏழு அலுவல் மொழிகள் அதற்கு உண்டு. அங்கே கூடுபவர்களில் பலருக்கு ஆங்கிலம் இரண்டாவது அல்லது மூன்றாவது மொழிதான். நிறுத்தி நிதானமாகப் பேசுபவரை யாரும் வித்தியாசமாகப் பார்ப்பதில்லை. தங்கள் பணியைச் சுவரொட்டியாக வைத்து, அருகே நின்று விளக்கும் போஸ்டர் அமர்வுகளில் அதிக நேரம் செலவிடுங்கள். ஆளோடு ஆள் நின்று, படத்தைக் காட்டிப் பேசும்போது மொழி பெரிய தடையாக இருக்காது.

நானே போஸ்டர் வைக்கிறேன். என்ன கவனிக்க வேண்டும்?

இரண்டு மீட்டர் தள்ளி நின்று படிக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் எழுத்தைக் குறையுங்கள். துணியில் அச்சடித்தால் மடித்துக் கைப்பையிலேயே வைக்கலாம்.

புதிய நூலக மென்பொருள் வாங்கப்போகிறோம். கண்காட்சி அரங்கில் விற்பனையாளர்களிடம் என்ன கேட்பது?

இதற்குத்தான் நீங்கள் அதிகம் தயாராக வேண்டும். அவர்கள் ஓட்டிக் காட்டும் டெமோவில் எல்லாமே அழகாக நடக்கும். மாதிரிக்காக வைத்திருக்கும் சில நூறு புத்தகங்கள்தானே! உங்கள் நூல் அட்டவணையில் இருப்பதிலேயே தொல்லை பிடித்த ஐந்து பதிவுகளை எடுத்துப் போங்கள்: பல தொகுதி நூல், தலைப்பு மாறிய பருவ இதழ், இரண்டு எழுத்துமுறைகளில் தலைப்பு கொண்ட புத்தகம் போன்றவை. ‘இவற்றை உள்ளே ஏற்றிக் காட்டுங்கள்’ என்று கேளுங்கள்.

அடுத்த கேள்வி: ‘நாளைக்கு நாங்கள் விலகினால் எங்கள் தரவை எந்த வடிவில் தருவீர்கள்?’ ‘மார்க் வடிவில் தருவோம்’ என்றதும் திருப்தி அடைந்துவிடாதீர்கள். மார்க் என்பது நூல் விவரங்களைக் கணினியில் பதியும் பொது வடிவம். அந்த விவரங்கள் அதில் வந்துவிடும். உறுப்பினர் விவரம், யாரிடம் எந்தப் புத்தகம் இருக்கிறது, முன்பதிவு வரிசை, அபராத பாக்கி இவையெல்லாம் அந்த நூல் பதிவுக்குள் இருப்பவை அல்ல. ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேட்டு, பதிலை அவர் கண் முன்னாலேயே எழுதிக்கொள்ளுங்கள். கோஹா போன்ற திறமூல (ஓப்பன் சோர்ஸ்) நூலக மென்பொருளை யோசிக்கிறீர்கள் என்றால், அதை நடைமுறையில் பயன்படுத்தும் நூலகர் ஒருவரைத் தேடிப் பிடித்து அரை மணி நேரம் பேசுங்கள்.

தனியாகப் போகிறேன். யாரையும் தெரியாது. கூச்சமாக இருக்கிறது.

நீங்கள் போக நினைக்கும் அமர்வில் பேசுபவர் ஒருவருக்கு இப்போதே நாலு வரி மின்னஞ்சல் போடுங்கள். ‘எங்களுக்கும் இதே சிக்கல், அங்கே பத்து நிமிடம் பேசலாமா?’ என்று. நான் இப்படி எழுதியபோதெல்லாம் பெரும்பாலும் பதில் வந்திருக்கிறது. புதியவர்களுக்கான அறிமுக அமர்வு இருந்தால் தவறவிடாதீர்கள்.

பையில் என்ன வைக்க வேண்டும்?

பழகிய செருப்பு அல்லது ஷூ (புதிது வேண்டாம், நடை அதிகம்), ஏசி குளிருக்கு ஒரு சால்வை, தண்ணீர் பாட்டில், பவர் பேங்க். பாதிப் பை காலியாக இருக்கட்டும். வெளிவரப்போகும் புத்தகங்களின் முன்பிரதிகளைப் பதிப்பாளர்கள் கொடுப்பார்கள்.

திரும்பியதும் அறிக்கை கேட்பார்கள். எப்படி எழுதுவது?

தினமும் தூங்கும் முன் ஐந்து வரி எழுதுங்கள்: கேட்டது என்ன, நம் நூலகத்தில் எதைச் செய்து பார்க்கலாம், யாரிடம் மேலும் கேட்க வேண்டும். சக ஊழியர்களோடு உட்கார்ந்து பேச அரை மணி நேரம் வேண்டும். திரும்பி வந்த வாரத்திலேயே ஒரு நாளை, புறப்படும் முன்பே எல்லோரிடமும் சொல்லிக் குறித்துவிடுங்கள். வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், குவிந்து கிடக்கும் வேலையில் அது நடக்கவே நடக்காது.