லிங்கனில் திங்கட்கிழமை ஏன் எல்லோர் முகமும் வாடியிருக்கிறது

தம்பி, உங்கள் கேள்வி இதுதான். 2024 ஆகஸ்டில் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத் தலைநகரான இந்த லிங்கனுக்கு வந்தீர்கள். வேலையும் வீடும் அமைந்துவிட்டன. ஆனால் செப்டம்பர் பிறந்ததிலிருந்து திங்கட்கிழமை காலை அலுவலகத்தில் நெப்ராஸ்கா பல்கலைக்கழக ஃபுட்பால் (நம்மூர்க் கால்பந்து இல்லை, அமெரிக்க ஃபுட்பால்) அணியைத் தவிர வேறு பேச்சே இல்லை. கோச்சைத் திட்டுகிறார்கள், அஃபென்ஸைத் திட்டுகிறார்கள், அடுத்த சனிக்கிழமை மறுபடியும் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். "தோற்கிற காலேஜ் டீமுக்கு எதற்கு அண்ணா இவ்வளவு? இதையெல்லாம் நான் தெரிந்துகொள்ளத்தான் வேண்டுமா, ஒதுங்கி இருந்தால் ஆகாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒதுங்காதீர்கள். நான் 2008 ஜனவரியில் உடுமலைப்பேட்டையிலிருந்து நேராக இந்த ஊருக்கு வந்தவன். 17 வருடமாகிறது. இங்கே எனக்குக் கிடைத்த நல்ல மனிதர்களில் பாதிப் பேர் இந்த அணியைப் பற்றிப் புலம்பித்தான் எனக்குப் பழக்கமானார்கள். இப்போது நானும் அவர்கள் அளவுக்குப் புலம்புகிறேன். அதற்குக் காரணம் இருக்கிறது, சொல்கிறேன்.

முதலில் ஆட்டம். சுருக்கமாகப் புரிந்துகொண்டால் போதும். கிரிக்கெட்டில் பேட்டிங், பௌலிங் மாதிரி இங்கே அஃபென்ஸ், டிஃபென்ஸ். இரண்டுக்கும் தனித்தனியாகப் பதினோரு பேர். பந்து கையில் இருக்கிற பக்கத்துக்கு நான்கு வாய்ப்பு. அதற்குள் 10 யார்டு முன்னேறினால் மறுபடி நான்கு வாய்ப்பு. எதிரணிப் பக்கத்துக் கடைசிக் கோட்டைப் பந்தோடு தாண்டினால் டச்டவுன், 6 புள்ளி. தாண்ட முடியாதென்று பட்டால் கம்பங்களுக்கு நடுவே உதைத்து 3 புள்ளி. ஒவ்வொரு வாய்ப்பிலும் பந்தை எடுத்துக்கொண்டு ஓடுவதா, எறிவதா என்பதை ஆட்டக்காரர்கள் முடிவு செய்வதில்லை. ஓரத்தில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு நிற்கிறார்களே, அந்தக் கோச்சுகள்தான் சொல்கிறார்கள். அதைத்தான் பிளே காலிங் என்கிறார்கள். திங்கட்கிழமைக் கோபத்தில் முக்கால்வாசி அதன் மேல்தான்.

இந்த மாநிலத்தில் நாட்டின் பெரிய தொழில்முறை லீக்குகளில் ஆடும் அணி ஒன்றுகூடக் கிடையாது. ஃபுட்பாலுக்கும் இல்லை, கூடைப்பந்துக்கும் இல்லை. இருப்பது இந்த ஒன்றுதான். அதன் பெயரே கார்ன்ஹஸ்கர்ஸ், அதாவது சோளக்கதிரின் தோகையை உரிப்பவர்கள். நம்மூரில் மக்காச்சோளம் அறுத்தவர்களுக்கு இந்தப் பெயர் சட்டென்று ஒட்டிக்கொள்ளும். எனக்கு ஒட்டிக்கொண்டது. ஆட்ட நாளன்று மெமோரியல் ஸ்டேடியத்தில் 85,000 பேருக்கு மேல் உட்கார்ந்திருப்பார்கள். அந்த நேரத்தில் ஒமாஹா, லிங்கன் இரண்டுக்கும் அடுத்து மாநிலத்தின் மூன்றாவது பெரிய ஊர் அந்த ஸ்டேடியம்தான். 1962 நவம்பர் 3-ஆம் தேதியிலிருந்து இங்கே நடந்த எல்லா ஆட்டத்துக்கும் டிக்கெட் முழுதாக விற்றிருக்கிறது. ஜெயித்த காலத்திலும், தோற்ற காலத்திலும்.

எனக்கு இது புரியாமல் ஒரு தவறு செய்தேன். 2009 டிசம்பர். டெக்சாஸோடு, பிக் 12 என்ற லீக்கின் இறுதி ஆட்டம். நெப்ராஸ்கா 12-10 என்று முன்னிலை. கடிகாரம் பூஜ்யம் காட்டியது, ஆட்டக்காரர்கள் மைதானத்துக்குள் ஓடி வந்துவிட்டார்கள். நடுவர்கள் வீடியோ பார்த்து ஒரு விநாடியைத் திருப்பிப் போட்டார்கள். அந்த ஒரு விநாடியில் டெக்சாஸ் 46 யார்டு தூரத்திலிருந்து உதைத்து 13-12 என்று ஜெயித்தது. திங்கட்கிழமை மதியம், எனக்கு எதிரே உட்காருகிற சக ஊழியர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். ஆறுதல் சொல்வதாக நினைத்து, "விடுங்கள், காலேஜ் மேட்ச்தானே" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. டப்பாவை மூடினார், எழுந்து போய்விட்டார். பிறகு ஒரு வாரம் என்னிடம் வேலை விஷயம் மட்டும் பேசினார். அந்த வாக்கியத்தை மட்டும் நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

அவருடைய வயதுக்காரர்கள் எதைப் பார்த்து வளர்ந்தார்கள் என்று தெரிந்தால் அந்த மௌனம் புரியும். டாம் ஆஸ்போர்ன் 1973-இலிருந்து 1997 வரை 25 ஆண்டு கோச்சாக இருந்தார். எந்த ஆண்டும் 9 வெற்றிக்குக் குறையவில்லை. 1994, 1995, 1997 என மூன்று தேசிய பட்டம். அவருக்கு முன்பிருந்த பாப் டெவேனி 1970, 1971-இல் இரண்டு. 1995 அணி ஓடியே ஆட்டத்துக்குச் சராசரியாக 400 யார்டு எடுத்தது. ஓடப்போகிறார்கள் என்று எதிரணிக்குத் தெரியும், மைதானத்தில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் நிறுத்த முடியாது. முன்வரிசையில் நிற்கிற கனமான ஆட்கள் பலர் இந்த மாநிலத்துப் பண்ணைவீட்டுப் பையன்கள். ஸ்காலர்ஷிப் இல்லாமல் தாங்களாக வந்து சேர்ந்து, இரண்டு மூன்று வருடம் எடை தூக்கி, உடம்பு ஏற்றி, அப்புறம்தான் களத்தில் இறங்குவார்கள். எடைப் பயிற்சிக்கென்றே சம்பளத்துக்கு ஒரு கோச்சை 1969-இலேயே வைத்த இடம் இது.

ஆஸ்போர்னைப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கட்டாயம் காதில் விழும். 1984 ஜனவரி, ஆரஞ்ச் பவுல் (பவுல் என்றால் ஆண்டு முடிவில் நல்ல அணிகளுக்கு நடக்கும் சிறப்பு ஆட்டம்), மயாமியோடு. கடைசி நிமிடத்தில் டச்டவுன் போட்டு 31-30 என்று வந்துவிட்டார்கள். டச்டவுனுக்குப் பிறகு கிடைக்கும் ஒரு புள்ளி உதையை உதைத்தால் சமன், தேசிய பட்டமும் அநேகமாகக் கைக்கு வந்திருக்கும். அவர் சமன் வேண்டாம், ஜெயிக்கத்தான் ஆடுவோம் என்று, உதைக்காமல் மறுபடி கோட்டைத் தாண்டி இரண்டு புள்ளி எடுக்கப் போனார். எறிந்த பந்தை மயாமிக்காரன் தட்டிவிட்டான். தோற்றார்கள். 40 வருடம் கழித்தும் இந்த ஊர் அந்தத் தோல்வியைப் பெருமையாகச் சொல்கிறது. இவர்களுக்குத் தோற்பதே பொறுக்காது என்று நினைக்காதீர்கள். எப்படித் தோற்கிறோம் என்பதைப் பார்க்கிறவர்கள் இவர்கள்.

அப்படிப் பார்க்கிறவர்களுக்கு இந்த இருபது வருடம் பெரிய வேதனை. 2003-இல் 9 ஆட்டம் ஜெயித்த ஃபிராங்க் சோலிச்சை அனுப்பினார்கள். அடுத்து வந்த பில் கேலஹன், ஓட்டத்தை விட்டுவிட்டு எறிந்து ஆடும் முறைக்கு அணியை மாற்றினார். முதல் ஆண்டே 5-6, அதாவது 5 வெற்றி, 6 தோல்வி. 1961-க்குப் பிறகு அதுதான் முதல் தோல்வி ஆண்டு. பிறகு போ பெலினி, ஏழு வருடம், வருடத்துக்கு 9 அல்லது 10 வெற்றி. அது போதாது என்று அவரையும் அனுப்பினார்கள். மைக் ரைலி, மூன்று வருடத்தில் 19-19. அடுத்து 1997 அணியின் குவார்ட்டர்பேக் (அஃபென்ஸை நடத்தி, பந்தை எறிகிறவர்), இந்த மண்ணின் பையன் ஸ்காட் ஃபிராஸ்ட். ஊரே கண்ணீர் விட்டு வரவேற்றது. 16 வெற்றி, 31 தோல்வி.

எனக்கு உடுமலையில் தென்னந்தோப்பு இருந்த குடும்பம். தென்னை வைத்தவன் ஐந்தாம் வருடம் காய் பிடிக்கவில்லை என்று பிடுங்கிவிட்டு மா வைத்து, அதையும் நாலாம் வருடம் பிடுங்கினால் தோட்டம் என்னவாகும்? முன்வரிசை ஆட்கள் அப்படித்தான். ஓட்டத்துக்கு வளர்த்த பையனை எறியும் ஆட்டத்தில் கொண்டுபோய் நிறுத்தினால் அவன் பின்வாங்கத் தடுமாறுவான். ஒவ்வொரு கோச்சும் தன் முறைக்கு ஏற்ற ஆட்களைத் தேடிச் சேர்த்து முடிப்பதற்குள் அவரே போய்விடுகிறார். கோச்சுகளைத் திட்டுகிற நண்பர்களிடம் நான் இதைத்தான் சண்டை போட்டுச் சொல்வேன். திட்டு பாதி அவர்களுக்கு, பாதி பொறுமையில்லாமல் அவர்களை மாற்றியவர்களுக்கு.

ஆனால் கோச்சுகளுக்கென்றே உள்ள பாதி இருக்கிறதே, அதில் எனக்கும் ஆத்திரம் அடங்கவில்லை. 2021-ஐப் பாருங்கள். 3 வெற்றி, 9 தோல்வி. ஒன்பதும் பத்துப் புள்ளிக்குக் குறைந்த வித்தியாசத்தில். அணி மட்டமாக இருந்தால் யாராவது ஒருத்தராவது நாற்பது புள்ளியில் அடித்திருப்பார்கள். அடிக்கவில்லை. கடைசி ஐந்து நிமிடத்தில் எதைச் செய்யக்கூடாதோ அதைச் செய்து தோற்றார்கள். 2022-இல் டப்ளினில் நார்த்வெஸ்டர்னோடு 28-17 என்று முன்னிலை. யாரும் கேட்காமலே ஒரு குறும் உதை உதைத்துப் பந்தைத் தாங்களே எடுக்கப் பார்த்தார்கள். எதிரணி எடுத்துக்கொண்டது. ஆட்டம் திரும்பியது, 31-28 என்று தோல்வி. இரண்டு வாரத்தில் ஃபிராஸ்ட் போய்விட்டார்.

இப்போது கோச் மேட் ரூல். அவருடைய முதல் ஆண்டு, 2023 நவம்பர் 11, மேரிலாந்து ஆட்டம். பக்கத்து வீட்டுப் பெரியவர் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருடைய இரண்டு இருக்கையும் அப்பா காலத்திலிருந்து வருகிறது. மனைவிக்கு முழங்கால் வலி வந்து படியேற முடியாமல் போனதிலிருந்து அந்த இரண்டாவது இருக்கைக்கு என்னைக் கூட்டிப்போவார். அன்று ஆட்டம் 10-10. நம் பையன்கள் கோட்டுக்கு மிக அருகில் வந்துவிட்டார்கள். ஓடிப் பார்த்திருக்கலாம். ஓட முடியாவிட்டால் உதைத்து 3 புள்ளியாவது வாங்கியிருக்கலாம். எறியச் சொன்னார்கள். மேரிலாந்துக்காரன் பிடித்துக்கொண்டான். அதே மேரிலாந்து மறுகோடி வரை வந்து கடைசி நொடியில் உதைத்து 13-10 என்று முடித்தது.

பெரியவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். உள்பக்கம் வியர்வைக் கறை படிந்த பழைய சிவப்புத் தொப்பி. அதன் விளிம்பை விரலால் சுற்றிச் சுற்றித் தடவிக்கொண்டே இருந்தார். "ஓடியிருக்கணும்" என்றார், ஒரே ஒருமுறை. பிறகு மேரிலாந்து பையன்கள் வெளியே போகும்போது எழுந்து நின்று கைதட்டினார். சுற்றிலும் பலர் தட்டினார்கள். ஜெயித்தாலும் தோற்றாலும் எதிரணிக்குக் கைதட்டுவது இந்த ஸ்டேடியத்தின் பழக்கம். நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், அன்று மட்டும் எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. அந்த ஆண்டு 5-3 என்று இருந்த அணி கடைசி நான்கு ஆட்டத்தையும் தோற்றது. இன்னும் ஒன்றே ஒன்று ஜெயித்திருந்தால் பவுல் ஆட்டத்துக்குத் தகுதி கிடைத்திருக்கும். ஏழாவது வருடமாகக் கிடைக்கவில்லை.

நீங்கள் வந்த பிறகு நடந்ததை நீங்களே பார்த்திருப்பீர்கள். 5-1 என்று ஆரம்பித்தார்கள், உங்கள் அலுவலகமே சிரித்துக்கொண்டிருந்திருக்கும். அப்புறம் இந்தியானாவிடம் 56-7, தொடர்ந்து இன்னும் மூன்று தோல்வி. பாதி நவம்பரில் பிளே காலிங் பொறுப்பை டேனா ஹோல்கர்சன் என்ற கோச்சிடம் கொடுத்தார்கள். அவர் கைக்கு வந்த இரண்டாவது ஆட்டத்தில் விஸ்கான்சினை 44-25 என்று அடித்தார்கள். 2012-க்குப் பிறகு விஸ்கான்சினை ஜெயித்தது அன்றுதான். பந்தைச் சட்டென்று கையிலிருந்து விடச் சொன்னார், ஓட்டத்தையும் எறிவதையும் மாற்றி மாற்றிக் கொடுத்தார், அதே பையன்கள் வேறு அணி போல ஆடினார்கள். எங்கள் கோபம் பையன்கள் மேல் இல்லை என்று சொல்வதற்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் அடுத்த வாரமே அயோவாவில் பாதி ஆட்டத்தில் 10-0 என்று முன்னிலை வைத்துக்கொண்டு 13-10 என்று தோற்றார்கள். முந்தைய ஆண்டு இதே அயோவாவிடம், இதே 13-10, இதே போலக் கடைசி நொடி உதை. பெரியவர் அன்று தொலைபேசியில் கூப்பிட்டு ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் மூச்சு விட்டுவிட்டு வைத்துவிட்டார். டிசம்பரில் நியூயார்க்கில் பாஸ்டன் காலேஜை 20-15 என்று ஜெயித்து 7-6 என்று ஆண்டை முடித்தபோதுதான் அவர் குரல் சரியானது.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? வெள்ளிக்கிழமை ஒரு சிவப்புச் சட்டை போட்டுப் போங்கள், கடையில் பத்து இருபது டாலருக்குக் கிடைக்கும். திங்கட்கிழமை, "அந்த மூன்றாவது வாய்ப்பில் ஏன் எறிந்தார்கள்?" என்று யாரிடமாவது கேளுங்கள். அரைமணி நேரம் பேசுவார்கள், உங்களை அடுத்த ஆட்டத்துக்கு வீட்டுக்கும் அழைப்பார்கள். பையன்களின் பெயரைச் சொல்லித் திட்டாதீர்கள், அவர்களுக்கு 18, 20 வயது, பலர் இதே ஊர்ப் பிள்ளைகள். ஸ்டேடியத்தில் ரன்சா என்று ரொட்டிக்குள் கோஸும் இறைச்சியும் வைத்து விற்பார்கள், அது மாட்டிறைச்சி, சாப்பிடாதவர் என்றால் கேட்டு வாங்குங்கள். உங்கள் வீடு பல்கலைக்கழகத்துக்குப் பக்கம் என்றால் வெள்ளி இரவே காரை நல்ல இடமாகப் பார்த்து நிறுத்திவிடுங்கள்.

ஃபுட்பால் மனதுக்கு ஒட்டவே இல்லையென்றால் பெண்கள் வாலிபால் பாருங்கள். 2023 ஆகஸ்ட் 30 அன்று இதே ஸ்டேடியத்தின் நடுவில் வலை கட்டி ஆடியபோது 92,003 பேர் வந்தார்கள், பெண்கள் விளையாட்டில் உலக சாதனை. நானும் என் மகளும் அங்கே இருந்தோம். இந்த ஜனங்கள் ஜெயிக்கிற பெண்களுக்கும் வருவார்கள், தோற்கிற பையன்களுக்கும் வருவார்கள்.

இந்த 2025 நவம்பரில், தேங்க்ஸ்கிவிங்குக்கு மறுநாள் வெள்ளிக்கிழமை, அயோவா இங்கே வருகிறது. அன்று என் மகள் ஊரில் இருக்க மாட்டாள், பெரியவர் தன் இருக்கை இரண்டையும் எனக்கே கொடுப்பதாகச் சொல்கிறார், அவருக்கும் இப்போது படி ஏறுவது கஷ்டமாகிவிட்டது. ஒன்றில் அவரைக் கைபிடித்து ஏற்றி உட்கார வைக்கப்போகிறேன். இன்னொன்றில் நீங்கள் உட்காருங்கள், நான் வெளியே ஒரு டிக்கெட் பார்த்துக்கொள்கிறேன். கனமான சாக்ஸ் இரண்டு ஜோடி போட்டுக்கொண்டு காலையிலேயே வீட்டுக்கு வந்துவிடுங்கள், இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம்.