வயிற்றில் பிளாஸ்டிக் தாள் சுற்றி ஓடுவது பற்றி

தம்பி, பிளாஸ்டிக் தாள் சுற்றிக்கொண்டு ரங்கூன் கண்டோஜி ஏரியைச் சுற்றி ஓடினால் ஒரு கிலோ குறைகிறது, சாயங்காலம் திரும்பிவிடுகிறது, தொப்பை அப்படியே இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் அந்தத் தாளைக் கழற்றுங்கள். போனது கொழுப்பு இல்லை, தண்ணீர். ஒரு லிட்டர் வியர்வை ஏறக்குறைய ஒரு கிலோ. குடித்ததும் எடை திரும்பிவிடும். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும், தாள் அதைத் தடுக்கிறது. ரங்கூன் ஏப்ரல் வெயிலில் இது உயிருக்கே ஆபத்து. 1997இல் அமெரிக்காவில் எடை குறைப்பதற்காகக் காற்றுப் புகாத உடையில் பயிற்சி செய்த மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் இறந்துபோனார்கள். தயவுசெய்து இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அப்புறம், வயிற்றுப் பயிற்சி தசையைத்தான் பலப்படுத்தும். கொழுப்பை எந்த இடத்திலிருந்து முதலில் எடுப்பது என்று உடம்புதான் முடிவு செய்யும். ஓட்டம் நல்லது, விடாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் வாரம் 150 நிமிட மிதமான பயிற்சியாவது வேண்டும் என்கிறது.

ராத்திரிச் சோற்றை அறவே நிறுத்த வேண்டியதில்லை, அளவாகச் சாப்பிடுங்கள். காலை மொஹிங்காவோடு (மீன் குழம்பு நூடுல்ஸ்) வரும் சுரைக்காய் பஜ்ஜியையும், நாளெல்லாம் குடிக்கும் டின்பால் டீயையும் குறையுங்கள். எண்ணெயும் சர்க்கரையும் அங்கேதான் அதிகம்.